ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் காரைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில் "கூலன்ட் குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி இருந்தது. நடுவழியில் நின்ற வண்டியை அடுத்த ஊர் ஒர்க்‌ஷாப் வரை கொண்டுசேர்க்க அந்த யோசனை போதும். மாதாமாதம் செய்யவேண்டிய பராமரிப்பாக அதை வாசகர்கள் எடுத்துக்கொண்டால் எஞ்சினுக்கு வேட்டுதான். எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவமான கூலன்ட், பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருளில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓர் இடத்தில் வெளியே போயிருக்கிறது. அது எந்த இடம் என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தவர்களின் வண்டிகள்தான் அக்னி நட்சத்திரத்தில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வேலைக்கு வந்து நிற்கின்றன.

சிறிய கார்களில் மொத்தக் கூலன்டே மூன்றரை லிட்டரிலிருந்து ஆறு லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் போனாலே சூடு அதிகமுள்ள சிலிண்டர் ஹெட் பகுதியில் திரவம் நிற்கவேண்டிய இடத்தில் ஆவி நிற்க ஆரம்பிக்கும். அளவைப் போலவே அழுத்தமும் முக்கியம். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தது ஏறக்குறைய 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால் அதே கலவை 125 டிகிரியை ஒட்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போகிற திரவம் நாளுக்கு இரண்டு ஸ்பூன்தான் இருக்கும். ஆனால் அழுத்தம் நிற்காமல் போய்விடலாம். நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது கொதித்துப் பொங்குகிற வண்டிகளில் பலவற்றுக்கு, கூலன்ட் இருந்தும் அழுத்தம் நிற்காததே காரணம். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தாலும் இதே கதைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மூடியைப் பார்க்காமலே ரேடியேட்டரை மாற்றும் கடைகள் உண்டு.

கடைக்குப் போகும் முன் வண்டிக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. அளவைக் காலையில், எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். சூட்டில் எல்லா வண்டியிலும் அளவு ஏறித்தான் தெரியும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) கையால் அழுத்திப் பார்த்து, அது தளர்ந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே மூடியில் கை வைக்கலாம். அப்போதும் கனமான துணியைப் போட்டு முதல் பிடிவரை திருகி, காற்று முழுவதும் போனபின் கழற்றவேண்டும்.

பிளாஸ்டிக் டேங்க் இரண்டு வகை என்பது பலருக்குத் தெரியாமல் போவதால்தான் பாதிக் குழப்பம். ஒரு வகையில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கும். பக்கத்திலுள்ள டேங்க் வெறும் சேமிப்புப் பாட்டில். சூட்டில் பொங்குவது பாட்டிலுக்குப் போகும், ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு கெட்டாலோ, ரேடியேட்டரில் எங்காவது காற்று இழுத்தாலோ இந்த உறிஞ்சல் நடக்காது. பாட்டிலில் மேக்ஸ் கோடு வரை கூலன்ட் நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். "டேங்க் ஃபுல்லா இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பப்பட்ட வண்டி பத்தாவது கிலோமீட்டரில் கொதிப்பது இப்படித்தான். எனவே இந்த வகை வண்டியில் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய்வரை இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இன்னொரு வகையில் டேங்க் முழுக்க அழுத்தத்தில் வேலை செய்யும், அழுத்த மூடியும் அதன்மேல்தான் இருக்கும். அதில் டேங்கின் அளவே உண்மை அளவு.

டேங்கில் காலை அளவை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விரல்கடை அளவு குறைவது பெரிய விஷயமில்லை. மாதத்தில் மேக்ஸ் கோட்டிலிருந்து மினிமம் கோட்டுக்கு இறங்கினால் கசிவு நிச்சயம். "அடிக்கடி குறையுது" என்று சொல்வதைவிட, "20 நாளில், 600 கிலோமீட்டரில் கால் லிட்டர்" என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் எந்த மெக்கானிக்கும் கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவார்.

இரவில் வண்டிக்கு அடியில் அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்து வையுங்கள். (படித்து முடித்த உங்கள் நாளிதழே போதும்.) முன்சக்கரங்கள் எங்கே வந்தன என்று அதில் குறித்துக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். இடது பக்கம், பயணி கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சொட்டும் நிறமற்ற, வழுவழுப்பில்லாத தண்ணீர் பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான். அதைக் கசிவு என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். கூலன்ட் என்றால் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் இருக்கும். விரலில் தேய்த்தால் வழவழக்கும். லேசான இனிப்பு வாடை வரும். நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். தித்திப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும். தெருவில் கொட்டியதைத் தண்ணீர்விட்டுக் கழுவாமல் போகும் கடைக்காரர்களும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கீழே சொட்டு விழவில்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. சூடான இரும்பின்மேல் விழும் துளி அங்கேயே ஆவியாகிவிடும். தடம் மட்டும் மிஞ்சும். உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகவோ, வெளிறிய பச்சை, ரோஸ் நிறத்திலோ படிந்திருக்கும் அந்தக் கறைதான் உண்மையான சாட்சி. அதனால் கசிவு பார்க்க வண்டியை விடுவதற்கு முதல்நாள் எஞ்சினுக்கு வாட்டர் வாஷ் செய்யாதீர்கள். சாட்சியைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுவது போலாகும்.

கறையைத் தேடவேண்டிய இடங்களில் முதலாவது ரேடியேட்டரின் இரு ஓரங்கள். இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், ஓரத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டையும் ரப்பர் வாஷர் வைத்து அலுமினிய விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். ஏழெட்டு வருடத்தில் அந்த ரப்பர் இறுகிப்போகும். காலையில் குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது சொட்டும், சூடேறி விரிந்தால் நின்றுவிடும். மதியம் கடையில் பார்த்தால் காய்ந்து கிடக்கும். அடுத்தது ஹோஸ் முனைகள். கையால் பிசைந்தால் நொறுநொறுவென்று சத்தம் வரும் ஹோஸும், முனையில் ஊதிப்போன ஹோஸும் மாற்றவேண்டியவை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் போகும் சின்ன ஹோஸ்களை யாரும் பார்ப்பதில்லை. எலி கடித்த ஹோஸ் என்றால் பல் தடம் தெளிவாகத் தெரியும். தெர்மோஸ்டாட் வால்வு உட்காரும் பிளாஸ்டிக் கூட்டில் மயிரிழை வெடிப்பு விடுவது பல சிறிய கார்களில் சகஜம். திருகு கிளாம்ப்பைக் கை வலுவெல்லாம் காட்டி இறுக்கினால் பிளாஸ்டிக் மூக்கு உடைந்து, இல்லாத கசிவு புதிதாக உண்டாகும். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளாம்ப், ஹோஸ் சுருங்கினாலும் கூடவே சுருங்கிப் பிடிக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் திருகு கிளாம்ப் போடுவது முன்னேற்றமில்லை.

வாட்டர் பம்ப்பின் அடியில் வேண்டுமென்றே விட்ட ஒரு சின்னத் துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரும். லேசான கறை மட்டும் இருந்தால் கவலைப்படவேண்டாம். ஈரமோ சொட்டோ இருந்தால், அல்லது பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், பம்ப்பை மாற்றவேண்டும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் பேரிங் போய், பெல்ட்டும் அறுந்துபோகும். டைமிங் பெல்ட்டே பம்ப்பை ஓட்டும் எஞ்சின்களில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் நியாயம். கூலி ஒரே கூலி.

உள்ளே ஹீட்டர் காயில் கசிந்தால் முன்சீட் மிதியடி ஈரமாகும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படியும், காருக்குள் இனிப்பு வாடை வீசும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். இதைக் குறை சொல்லமாட்டேன். டேஷ்போர்டு முழுவதையும் இறக்கவேண்டிய வேலையைத் தள்ளிப்போட அது நேர்மையான வழி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அடிக்கடி போகிறவர்கள் மட்டும் யோசிக்கவேண்டும்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவம். நிரூபிப்பது பிரஷர் டெஸ்ட். என் கருத்தில் இந்த ஒரு சோதனை இல்லாமல் கூலன்ட் கசிவுக்கு எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளக் கூடாது. கருவி பெரிதில்லை. சைக்கிள் பம்ப் போன்ற கைப்பம்ப், அதில் ஒரு கேஜ், ஒவ்வொரு வண்டிக்கும் பொருந்த சில மூடிகள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை நிரப்பி, மூடிக்குப் பதில் இதை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடிக்கவேண்டும். 0.9 என்று போட்டிருந்தால் 0.9 பார். "நல்லா தெரியட்டும்" என்று இரண்டு பார் அடித்தால் ஒன்பது வருட ரேடியேட்டர் அங்கேயே வாயைப் பிளக்கும். பிறகு பதினைந்து நிமிடம் முள்ளைப் பார்க்கவேண்டும். முள் அசையாவிட்டால் எஞ்சினைச் சூடேற்றி, ஆறும்போது இன்னொருமுறை. முள் இறங்கினால் டார்ச் அடித்து ஈரத்தைத் தேடவேண்டும். அதே கருவியில் மூடியையும் தனியாகச் சோதிக்கலாம், அதைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் சிக்காமல் போனால், கூலன்டில் ஒளிரும் சாயம் சிறிதளவு ஊற்றி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பார்க்கலாம். கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் சின்ன டார்ச்கூட இதற்கு உதவும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை, மிதியடியும் காய்ந்திருக்கிறது என்றால் கசிவு எஞ்சினுக்குள். இந்த இடத்தில்தான் வண்டிக்காரர் பயப்படுகிறார், கடைக்காரர் அந்தப் பயத்தை விலைபேசுகிறார். "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருபதாயிரத்துக்கு மேல் செலவு நிற்கும். எனவே ஆதாரம் கேளுங்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதைக் காட்டினால் போதாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில், அதுவும் மழைக்காலத்தில், அது வெறும் ஆவி படிந்தது. டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலே டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அது வேறு விஷயம். அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

நல்ல ஆதாரம் பிளாக் டெஸ்ட். ரேடியேட்டரின் மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு, நீலத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாயை அதன் வாயில் வைத்து, எஞ்சின் ஓடும்போது மேலே நிற்கும் காற்றைத் திரவத்தின் வழியே உறிஞ்சவேண்டும். எரிந்த புகை கூலன்டுக்குள் வந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். கூலன்டையே குழாய்க்குள் உறிஞ்சிவிட்டால் சோதனை செல்லாது, புதுத் திரவம் வேண்டும். கருவி இல்லாத கடையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். மூன்று பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவைத்தது போல் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. இரவெல்லாம் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் கேஸ்கெட்டின் அடையாளம். கூலன்ட் சூடேறி அழுத்தம் வர அதைவிட அதிக நேரம் ஆகும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும். அது ஈஜிஆர் கூலர். புகையைக் குளிர்விக்கும் இந்தப் பாகத்துக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. அது உள்ளே வெடித்தால் கூலன்ட் சத்தமில்லாமல் புகையோடு போய்விடும். வெளியே ஈரம் இருக்காது, சைலன்சரில் வெள்ளைப்புகை வரும். ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி ஹெட்டை இறக்கி ஏற்றிய பிறகும் கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஹெட்டை இறக்கும் முன்பே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பது வேறு.

ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும் என்று முடிவானால், வளைவை அளந்து காட்டச் சொல்லுங்கள். நேர்கோட்டுச் சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பது. பல சிறிய எஞ்சின்களுக்கு எல்லை 0.05 மில்லிமீட்டர்தான். வளைந்த ஹெட்டை லேத்தில் ஃபேசிங் போடாமல் புது கேஸ்கெட் வைத்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். இழுபட்டு இறுகும் வகை ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிது போடவேண்டும். போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் ஹெட் வேலையே கொடுக்கக் கூடாது.

இனி நம் ஒர்க்‌ஷாப்களின் சில பழக்கங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது அவற்றில் முதலாவது. அந்த வால்வு 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்து, எஞ்சினை வேலை செய்யவேண்டிய சூட்டில் நிறுத்துகிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகக் கணினி நினைத்து பெட்ரோலை அதிகம் ஊற்றும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். பைபாஸ் வழியை மூடுவதும் அதே வால்வாக உள்ள எஞ்சின்களில், கூலன்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குளிரவேண்டும் என்று கழற்றியதே மேட்டில் கொதிக்கவைக்கும். இரண்டாவது, ஃபேனை டைரக்டாக வயர் கொடுத்து எப்போதும் ஓடவிடுவது. கெட்டது ஒரு ரிலேயாகவோ ஃபியூஸாகவோ சூட்டு சென்சாராகவோதான் இருக்கும். மூன்றாவது, மஞ்சள் தூள். அவசரத்துக்குப் பெரியவர்கள் செய்த வைத்தியம்தான், சின்னக் கசிவு அடைபடவும் செய்யும். அன்றைய அம்பாசிடர் ரேடியேட்டரின் அகலமான குழாய்கள் அதைத் தாங்கின. இன்றைய அலுமினியக் குழாய்களும் ஹீட்டர் காயிலும் அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் விற்கும் கசிவு அடைக்கும் மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்த ரேடியேட்டர் ஒர்க்ஸ் கைத்திறனை, பிளாஸ்டிக் தொட்டியில் எம்-சீலால் ஈடுசெய்ய முடியாது. மாற்றுவதுதான் வழி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பிற கம்பெனி ரேடியேட்டரும், புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். புதுப்பேட்டை ரேடியேட்டர் வாங்கினால் கடையிலேயே அழுத்தம் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

கூலன்டின் நிறத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை. ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் வேறு வேறு ரசாயனமாக இருக்கலாம். வண்டிக் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள், அல்லது முழுவதும் வடித்துக் கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள். பாட்டிலில் ஜேஐஎஸ் கே 2234 அல்லது ஏஎஸ்டிஎம் டி3306 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். "ரெடி டு யூஸ்" என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியான கலவை என்றால் பேட்டரி தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) சம அளவு சேர்க்கவேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் படியும், உப்பு அலுமினியத்தை அரிக்கும். எஞ்சின் பிளாக்கில் தட்டுபோல அடித்திருக்கும் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவது பெரும்பாலும் இப்படி வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில்தான். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றிவிட்டால் அடுத்த வாரமே வடித்துவிடுங்கள்.

வேலை முடிந்தபின் நிரப்புவதும் ஒரு வேலை. கையேட்டில் 4.5 லிட்டர் என்று இருக்க, வடித்துவிட்டு 3.2 லிட்டர்தான் உள்ளே போனது என்றால் பழையது பிளாக்கில் தங்கியிருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது. ஏர் லாக் உள்ள வண்டியில் ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று வரும், டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். முன்பக்கம் சற்று உயரமாக நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, ஹோஸ்களைப் பிசைந்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டுமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓட்டவேண்டும். பிறகு முழுவதும் ஆறவிட்டு மறுபடி நிரப்பவேண்டும். இதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். "பத்து நிமிஷத்துல ரெடி" என்றால் இது நடக்கவில்லை.

வழியில் சூடேறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். பக்கத்தில் நிறுத்த இடமில்லையென்றால் ஹீட்டரை முழுச்சூட்டில் போட்டு அந்தச் சிறுதூரத்தைக் கடக்கலாம். முக்கால் மணி நேரம் ஆறாமல் மூடியைத் தொடாதீர்கள். காய்ந்து கொதிக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். இப்போது பல சிறிய கார்களில் சூடு காட்டும் முள்ளே கிடையாது, நீலம், சிவப்பு என்று விளக்கு மட்டும்தான். கூலன்ட் சுத்தமாகப் போய்விட்டால் சென்சார் ஆவியில் நிற்கும். அப்போது முள் இருக்கும் வண்டிகளில்கூட சூடு குறைவாகக் காட்டலாம். "முள் நார்மலாதான் இருந்துச்சு" என்று சீஸ் ஆன (சூட்டில் இறுகி நின்றுபோன) எஞ்சினோடு வருகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

கடைக்காரர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. காலையில் சூட்டோடு ஓட்டிவந்து மதியம் வண்டி வேண்டும் என்கிறவருக்கு ஆறிய எஞ்சினில் சோதனை செய்ய முடியாது. கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் செலவழித்து, கிளாம்ப் ஒன்றை மாற்றி, 500 ரூபாய் கேட்டால், "ஒரு கிளாம்ப்புக்கா?" என்று சண்டை பிடிக்கிறார்கள். அதே ஆள் தேடாமலே ரேடியேட்டரை மாற்றி ஆறாயிரம் கேட்டால் பேசாமல் கொடுக்கிறார்கள். தேடுவதற்குக் கூலி கிடைக்காத தொழிலில் பாகத்தை விற்றுத்தான் பிழைக்க முடியும். முதல்நாள் மாலையே வண்டியை விடுங்கள். "பிரஷர் டெஸ்ட்டுக்கு என்ன கூலி?" என்று முதலிலேயே கேட்டு, எதுவும் மாற்றவேண்டி வராவிட்டாலும் அதைக் கொடுங்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் அந்தக் கூலியைத் தனியாகப் பலகையில் எழுதி மாட்டலாம்.

வண்டியை விடும்போது "என்ன செய்யணுமோ செஞ்சிருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டியை எடுக்கும்போது கடையில் எழுதும் ஜாப் கார்டில் "கூலன்ட் கசிவு, பிரஷர் டெஸ்ட் செய்து இடத்தைக் காட்டவும், கேட்காமல் பாகம் மாற்றக்கூடாது" என்று எழுதச்சொல்லிக் கையெழுத்திடுங்கள். கசியும் இடத்தை நேரில் அல்லது வாட்ஸ்அப்பில் வீடியோவாகக் கேளுங்கள். பழைய பாகமும், புதிய பாகத்தின் பெட்டியும் உங்களுக்கு வரவேண்டும். பாக எண்ணும் எம்ஆர்பியும் பெட்டியில்தான் இருக்கும். பில்லில் பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும், எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத கடை ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்க முடியாது.

தகராறு வந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வருவது உதவாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தவருக்கு, கூலி கிடைக்கும்வரை பொருளை நிறுத்திவைக்க உரிமை தருகிறது. பணத்தைக் கட்டி, பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, நகல் எடுத்துக்கொண்டு வண்டியை எடுங்கள். கசிவு திரும்ப வந்தால், வேறு கடையில் பிரிப்பதற்கு முன் முதல் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரித்துவிட்டால் யார் கெடுத்தது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்டக் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. அங்கே முதலில் கேட்பது ஜாப் கார்டையும் பில்லையும்தான்.

அடுத்த கோடைக் குறிப்பில் அந்தத் தண்ணீர் வரியை எடுத்துவிட்டு, "ஆறிய எஞ்சினில் அளவைக் குறித்துவையுங்கள், குறைந்தால் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள்" என்று போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு